கஞ்சியில் சிலை, டிராம் டிக்கெட்டில் ஓவியம்... குண்டுமழையிலும் ஓயாத ஓவியர் கர்ட் ஷ்விட்டர்ஸ்!

1940-ம் ஆண்டு. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் 'ஐல் ஆஃப் மேன்' தீவு. முள்கம்பி வேலிக்குள் வரிசையாக வீடுகள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஹிட்லரிடமிருந்து உயிர் தப்பி ஓடி வந்தவர்கள். ஆனால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிறந்தவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, பிரிட்டன் அவர்களை 'எதிரி நாட்டவர்' என்று சொல்லி அடைத்து வைத்திருந்தது.

முகாமில் காலை உணவு ஓட்ஸ் கஞ்சி. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, 53 வயதான ஒருவர் மிஞ்சிய கஞ்சியைச் சேகரித்துக்கொண்டு மாடியறைக்குப் போவார். பசி இல்லை. சிலை செய்யத்தான்!

சிலை செய்ய பிளாஸ்டர் வேண்டும். முகாமில் அது ஏது? கஞ்சி இருந்தது. அதைக் குழைத்து, அடுக்கி, காயவைத்து உருவங்கள் செய்தார். சில நாள்களில் அவற்றின்மேல் பச்சையும் நீலமுமாகப் பூஞ்சை படர்ந்தது. நாற்றம் தாங்கவில்லை. அதே முகாமில் இருந்த எழுத்தாளர் ஃப்ரெட் உல்மன், அந்த அறையின் வாடையைப் பல வருடங்கள் கழித்தும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கஞ்சிச் சிலைக்காரரின் பெயர் கர்ட் ஷ்விட்டர்ஸ். இன்று அவருடைய படைப்புகள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும், லண்டன் டேட்டிலும், பாரிஸின் பாம்பிடு மையத்திலும் இருக்கின்றன. அருகில் போய்ப் பார்த்தால் அவற்றில் என்ன இருக்கும்? கிழிந்த டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், கார்க், துணித்துண்டு, பொத்தான், கம்பி. யாரோ வேண்டாமென்று போட்ட பொருள்கள்.

ஒழுங்காக வரையத் தெரிந்தவர்தான்!

ஷ்விட்டர்ஸ் 1887 ஜூன் 20 அன்று ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் பிறந்தார். அப்பா, அம்மா துணிக்கடை வைத்திருந்தார்கள். பிறகு கடையை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டார்கள். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பதின்பருவத்தில் வலிப்பு நோய் வந்தது. அது கடைசிவரை அவரை விடவில்லை.

டிரெஸ்டன் கலைக்கழகத்தில் முறைப்படி ஓவியம் படித்தார். மனிதர்களையும் மரங்களையும் அச்சு அசலாக வரைவார். ஆகவே, 'வரையத் தெரியாததால் குப்பையை ஒட்டினார்' என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1915-ல் ஹெல்மாவைத் திருமணம் செய்துகொண்டார். முதல் குழந்தை பிறந்த சில நாள்களிலேயே இறந்துபோனது. இரண்டாவது மகன் எர்ன்ஸ்ட் பிறந்தது 1918 நவம்பரில். முதல் உலகப்போர் முடிந்ததும் அதே மாதம்தான்.

போர்க்காலத்தில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட ஷ்விட்டர்ஸை, உடல் தகுதி இல்லை என்று சில மாதங்களில் அனுப்பிவிட்டார்கள். இரும்பு ஆலை ஒன்றில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்தது. போர் முடிந்தபோது ஜெர்மனி தோற்றிருந்தது. பேரரசர் நாட்டை விட்டே போய்விட்டார். வேலை இல்லை, நல்ல காகிதம் இல்லை, சாயம் இல்லை.

எல்லாம் உடைந்து கிடக்கிறது என்றால், அந்த உடைசல்களை வைத்துத்தானே புதிதாக எதையாவது செய்தாக வேண்டும்? இதுதான் அன்று அவருக்குத் தோன்றியது. தெருவில் கிடந்ததைக் குனிந்து எடுக்கத் தொடங்கினார்.

காகிதத்தை ஒட்டிப் படம் செய்வது அவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. 1912-ல் பாப்லோ பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் ஜார்ஜ் பிராக், மரம்போல அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். 'ஒட்டுவது' என்று பொருள்படும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்ததுதான் 'கொலாஜ்'. ஆனால் அவர்களுக்கு அது பல சோதனைகளில் ஒன்று. ஷ்விட்டர்ஸுக்கோ அதுவே வாழ்க்கையாகிப்போனது.

'மெர்ஸ்' என்றால் என்ன?

1919-ல் அவர் செய்த ஓர் ஒட்டுப்படத்தில், வங்கி விளம்பரம் ஒன்றிலிருந்து வெட்டிய காகிதத்துண்டு இருந்தது. 'கொம்மெர்ஸ் உண்ட் ப்ரிவாட்பாங்க்' என்பது அந்த வங்கியின் பெயர். வெட்டியதில் முன்னும் பின்னும் போய், 'மெர்ஸ்' மட்டும் மிஞ்சியது. நம்மூர் கணக்கில் சொன்னால், 'வணிகம்' என்ற வார்த்தையை இரண்டு பக்கமும் வெட்டி 'ணிக' என்று வைத்துக்கொண்டதுபோல!

பொருளே இல்லாத அந்தத் துண்டு வார்த்தை அவருக்குப் பிடித்துவிட்டது. தன் ஓவியம், கவிதை, அவர் நடத்திய பத்திரிகை எல்லாவற்றுக்கும் 'மெர்ஸ்' என்றே பெயர் வைத்தார். சில சமயம் தன்னையே 'மெர்ஸ்' என்று சொல்லிக்கொண்டார்.

பெர்லினில் அப்போது 'டாடா' என்ற கலகக்கார ஓவியர் கூட்டம் பிரபலம். அதில் சேரப்போன கதையை ராவுல் ஹவுஸ்மன் பிற்பாடு எழுதியிருக்கிறார். ஒரு காபிக் கடையில் அறிமுகம் செய்துகொண்ட ஷ்விட்டர்ஸ், தான் ஓவியர் என்றும், தன் ஓவியங்களை ஆணி அடித்துச் செய்வதாகவும் சொன்னாராம். ஆனால் 'இவர் ரொம்பக் குடும்பஸ்தர், கோட்டு போட்ட நடுத்தர வர்க்கத்துக்காரர்' என்ற எண்ணம் அந்தக் கூட்டத்தின் முக்கியப் புள்ளிக்கு. சேர்த்துக்கொள்ளவில்லை.

ஷ்விட்டர்ஸ் ஹானோவருக்கே திரும்பினார். பிழைப்புக்கு விளம்பரங்கள் வடிவமைத்தார். பெலிகன் மை கம்பெனியும் ஹானோவர் நகராட்சியும் அவருடைய வாடிக்கையாளர்கள். மற்ற நேரமெல்லாம் மெர்ஸ்தான்.

மாவுப் பசையும் விரல் நுனியும்

அவர் வேலை செய்வதை நேரில் பார்த்தவர்கள் சொல்லியிருக்கும் முறை, போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்குப் பழக்கமானதுதான். மாவையும் தண்ணீரையும் கலந்த பசையை அட்டையில் தாராளமாகத் தடவுவார். அதன்மேல் காகிதத் துண்டுகளைப் போட்டு, ஈரம் காய்வதற்குள் இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கொண்டே இருப்பார். சிறு துணுக்குகளை விரல் நுனியால் பசைக்குள் அழுத்துவார். நிறமும் வடிவமும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது என்று தோன்றும்வரை நகர்த்தல் நிற்காது.

கனமான பொருள்களுக்கு ஆணி. மரத்துண்டு, தகரம், கம்பி எல்லாம் பலகையில் அறையப்படும். அவற்றின்மேல் ஆங்காங்கே எண்ணெய்ச் சாயம். டிக்கெட்டின் மங்கிய பழுப்பு, சாக்லேட் காகிதத்தின் சிவப்பு, செய்தித்தாளின் சாம்பல்... சாயக்குப்பியில் கிடைக்காத நிறங்கள் அவருக்குக் குப்பையில் கிடைத்தன.

நியூயார்க் அருங்காட்சியகத்தில் உள்ள 'செர்ரி படம்' இதற்கு நல்ல உதாரணம். 1921-ல் செய்தது. உயரம் 91.8 செ.மீ. நடுவே, குழந்தைகளுக்கு வார்த்தை கற்றுக்கொடுக்கும் அட்டை ஒன்று. அதில் செர்ரிப் பழக்கொத்து, ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சிலும் பெயர். அந்த அட்டையிலேயே ஒரு காதல் வாசகத்தை இலக்கணப் பிழையோடு கிறுக்கியிருக்கிறார். சுற்றிலும் துணி, கார்க், மரம், தகரம், அச்சிட்ட காகிதங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் இருளிலிருந்து வெளிச்சம் வருவதுபோன்ற ஓவியம். கிட்டே போனால், நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜெர்மன்காரரின் சட்டைப்பையைத் தலைகீழாகக் கொட்டியதுபோல இருக்கும்.

'வீட்டில் இதைச் செய்து பார்க்கலாமா?' என்று குழந்தைகள் கேட்டால் தாராளமாகச் செய்யலாம். இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். மெல்லிய தாளில் ஒட்டினால் பசை காயும்போது சுருண்டுவிடும். கெட்டி அட்டை நல்லது. ஏ.டி.எம் ரசீது, மெஷின் டிக்கெட் போன்றவை சூட்டில் அச்சாகும் காகிதங்கள். சில மாதங்களில் எழுத்து மறைந்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் நிற்கும். செய்தித்தாள் பழுப்பாவதை மட்டும் யாராலும் முழுதாகத் தடுக்க முடியாது. மரக்கூழில் இருக்கும் லிக்னின், வெளிச்சமும் காற்றும் பட்டால் நிறம் மாறும். ஷ்விட்டர்ஸின் ஒட்டுப்படங்களைக் காக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இதே கவலைதான். அதனால்தான் இப்படிப்பட்ட படங்களை மங்கிய வெளிச்சத்தில் வைக்கிறார்கள்.

வீட்டையே விழுங்கிய ஓவியம்

1923 வாக்கில், ஹானோவர் வால்ட்ஹவுஸன் தெரு 5-ம் எண் வீட்டில் ஒரு விசித்திரம் தொடங்கியது. ஷ்விட்டர்ஸின் பட்டறையில் இருந்த ஒரு தூண் போன்ற படைப்பு, வளர ஆரம்பித்தது. மரமும் பிளாஸ்டரும் சேரச் சேர, சுவரைத் தொட்டது, கூரையைத் தொட்டது, அடுத்த அறைக்குள் நுழைந்தது. பதின்மூன்று, பதினான்கு வருடங்களில் வீட்டின் பல அறைகளுக்கு அது பரவிவிட்டது. அதன் பெயர் 'மெர்ஸ்பாவ்'. மெர்ஸ் கட்டடம் என்று அர்த்தம்.

உள்ளே சின்னச் சின்னக் குகைகள். ஒவ்வொன்றும் ஒரு நண்பருக்கு. அந்த நண்பரின் பொருள் ஏதாவது அதில் இருக்க வேண்டும். திரைப்பட இயக்குநர் ஹான்ஸ் ரிக்டர் தன் நினைவுகளில், தன் முடியிலிருந்து ஒரு கற்றையை ஷ்விட்டர்ஸ் வெட்டி வைத்துக்கொண்டதை எழுதியிருக்கிறார். புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் மேசையிலிருந்து எடுத்த பென்சிலும் அங்கே இருந்ததாம். ஷூ கயிறு, பாதி பிடித்த சிகரெட், உடைந்த பேனா என்று பட்டியல் நீள்கிறது. அடுத்த முறை ரிக்டர் போனபோது, பழைய குகைகள் பல புதிய அடுக்குகளுக்குள் புதைந்திருந்தன. வெளியே தெரியாது. ஆனால் உள்ளே பத்திரமாக இருந்தன.

அதே வீட்டில்தான் ஹெல்மா சமைத்தார். எர்ன்ஸ்ட் வளர்ந்தான்.

கோணலாகத் தொங்கவிட்ட படம்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நவீன ஓவியம் எல்லாம் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தப்பட்டது. ஷ்விட்டர்ஸின் படங்கள் அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றப்பட்டன. நகராட்சி வேலையும் போனது. ரகசிய போலீஸ் விசாரணைக்குத் தேட ஆரம்பித்ததும், 1937 ஜனவரி 2 அன்று அவர் நார்வேக்குக் கிளம்பினார். மகன் எர்ன்ஸ்ட் ஒரு வாரம் முன்னதாகவே போயிருந்தார். வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஹெல்மா ஹானோவரிலேயே தங்கினார்.

அந்த ஜூலையில், மியூனிக் நகரத்தில் நாஜிக்கள் 'சீரழிந்த கலை' கண்காட்சியைத் திறந்தார்கள். மக்கள் பார்த்துச் சிரிப்பதற்கென்றே நடத்தப்பட்ட கண்காட்சி அது. டிரெஸ்டனிலிருந்து பறிமுதல் செய்த ஷ்விட்டர்ஸின் படத்தை அங்கே கோணலாக மாட்டினார்கள். 'மெர்ஸ்' என்ற வார்த்தையைத் தந்த அதே 1919-ம் ஆண்டு படம்தான் அது. அதன்பிறகு அது என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. பழைய புகைப்படத்தில் மட்டும் இருக்கிறது.

நார்வேயில் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் லிஸாகர் என்ற ஊரில் இரண்டாவது மெர்ஸ்பாவைக் கட்ட ஆரம்பித்தார். வருடத்தில் சில மாதங்கள் ஹெல்மா வந்துபோவார். 1939 ஜூனில் வந்தவர் ஊர் திரும்பினார். செப்டம்பரில் போர் மூண்டது. கணவனும் மனைவியும் அதன்பிறகு சந்திக்கவே இல்லை.

1940 ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வேக்குள் புகுந்தது. மகன், மருமகளோடு பனிக்கட்டி உடைக்கும் கப்பல் ஒன்றில் ஏறி ஸ்காட்லாந்துக்குத் தப்பினார் ஷ்விட்டர்ஸ். கரை இறங்கியதும் கைது. முகாம்கள் மாறி மாறி, கடைசியில் ஐல் ஆஃப் மேன்.

கஞ்சிச் சிலை செய்தது அங்கேதான். தரையில் விரித்திருந்த லினோலியத்தைப் பெயர்த்து அதன்மேல் ஓவியம் வரைந்தார். தேயிலைப் பெட்டியின் பலகையும் தப்பவில்லை. இரவில் ஜன்னலருகே நின்று நாய்போலக் குரைப்பாராம். தூரத்தில் வேறொரு வீட்டிலிருந்து ஒரு வயதான வியன்னாக்காரர் பதிலுக்குக் குரைப்பாராம்! சிரிக்கவைக்கும் கதைதான். ஆனால் முள்கம்பிக்குள் 16 மாதம் இருந்த ஒருவரின் இரவு அது என்று நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

லண்டனுக்கு வந்த கடிதம்

1941 நவம்பரில் விடுதலை. லண்டனில் வாடகை அறை. அங்கே அறிமுகமானவர் எடித் தாமஸ் என்ற இளம்பெண். 'டீ வேணுமா?' என்று அடிக்கடி கேட்பார் என்பதால், 'வாண்ட் டீ' என்பதையே பெயராக்கி 'வான்ட்டீ' என்று கூப்பிட்டார் ஷ்விட்டர்ஸ். இறுதிவரை அவரைக் கவனித்துக்கொண்டவர் வான்ட்டீதான்.

லண்டன் பஸ் டிக்கெட்டுகள் ஒட்டுப்படங்களுக்குள் வர ஆரம்பித்தன. ஆனால் ஹானோவரிலிருந்து நல்ல செய்தி வரவில்லை. 1943 அக்டோபர் 8-ம் தேதி இரவு, நேச நாட்டு விமானங்கள் ஹானோவரின்மீது குண்டு பொழிந்தன. வால்ட்ஹவுஸன் தெரு வீடு எரிந்தது. மெர்ஸ்பாவும், அதன் குகைகளும், நண்பர்களின் பென்சிலும் முடிக்கற்றையும் சாம்பலாயின. நாஜிக்களிடமிருந்து அவருக்கு அடைக்கலம் தந்த நாட்டின் குண்டுகள்தான் அவருடைய வீட்டை அழித்தன.

அடுத்த அடி 1944-ல். ஏப்ரலில் ஷ்விட்டர்ஸுக்குப் பக்கவாதம் வந்து மெல்லத் தேறினார். அக்டோபர் 29 அன்று ஹானோவரில் ஹெல்மா புற்றுநோயால் இறந்தார். செய்தி லண்டனுக்கு வந்து சேர டிசம்பர் ஆனது. அந்த டிசம்பரில்தான் லண்டனில் அவருடைய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது.

கடைசிச் சுவர்

1945-ல் அவரும் வான்ட்டீயும் இங்கிலாந்தின் வடக்கே, ஏரிகள் நிறைந்த ஆம்பிள்சைடு என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு மலையும் ஏரியும் வரைந்து விற்றார். ஊர்க்காரர்களின் முகங்களை வரைந்து கொடுத்தார். வயிற்றுப்பாட்டுக்கு அது. மற்ற நேரத்தில் பழைய வேலை.

அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பழைய தோழி கேட் ஸ்டைனிட்ஸ், கடிதங்களோடு காமிக்ஸ் பக்கங்களையும் அனுப்புவார். 1947-ல் அவற்றை வெட்டி ஒட்டி ஒரு படம் செய்து, அவர் பெயரையே வைத்தார். காமிக்ஸையும் விளம்பரத்தையும் ஓவியமாக்கிய 'பாப் ஆர்ட்' அலை எழுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே செய்தது அது.

அதே வருடம் நியூயார்க் அருங்காட்சியகம் 1,000 டாலர் உதவித்தொகை தந்தது. பழைய மெர்ஸ் கட்டுமானத்தைச் சீரமைக்கவோ மீண்டும் கட்டவோ அந்தப் பணம். ஹானோவருக்குப் போய் இடிபாடுகளைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆகவே எல்டர்வாட்டர் என்ற பக்கத்து ஊரில், ஹாரி பியர்ஸ் என்ற தோட்டக்காரரின் நிலத்தில் இருந்த பழைய கல் கொட்டகையில் வேலையைத் தொடங்கினார். வயது 60.

கொட்டகையில் குளிர், ஈரம். கூட ஆள் இருந்தாலும் நாளுக்குச் சில மணி நேரம்தான் வேலை செய்ய முடிந்தது. ஒரே ஒரு சுவரில் பிளாஸ்டர் பூசி, வளைவுகளை எழுப்பினார். அதற்குள் ஒரு ரப்பர் பந்து, குழந்தைகளின் பூவாளி முனை, கற்கள், குச்சிகள். எல்லாம் அக்கம்பக்கத்தில் கிடைத்தவை. டிசம்பரில் படுத்த படுக்கையானார்.

1948 ஜனவரி 7. அவருக்கு பிரிட்டிஷ் குடியுரிமை வழங்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. பத்து வருடத்துக்கும் மேலாக நாடில்லாமல் அலைந்தவருக்கு ஒரு நாடு கிடைத்தது. மறுநாள், ஜனவரி 8 அன்று, கெண்டல் ஊர் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

நார்வேயில் கட்டிய மெர்ஸ்பாவ் 1951-ல், சிறுவர்கள் விளையாடும்போது தீப்பிடித்து எரிந்துபோனது. ஹானோவர் மெர்ஸ்பாவின் ஓர் அறையை, பழைய புகைப்படங்களை வைத்து 1980-களில் மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள். அந்த ஊரின் ஷ்ப்ரெங்கல் அருங்காட்சியகத்தில் அதற்குள் நடந்து போகலாம். ஆனால் நண்பர்களின் பொருள்கள் இருந்த குகைகள் திரும்பி வராது.

எல்டர்வாட்டர் சுவர் அவர் கைபட்ட அசலாகவே மிஞ்சியிருக்கிறது. மழையும் ஈரமும் அதை அரித்துவிடும் என்ற பயத்தில், 1965-ல் அந்தச் சுவரை அப்படியே பெயர்த்து எடுத்து நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ஹாட்டன் கேலரிக்குக் கொண்டு போனார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. முடிக்கப்படாத சுவர். முன்னால் நிற்பவர்களின் கண், எல்லா வளைவுகளையும் தாண்டி அந்தப் பூவாளி முனையையும் ரப்பர் பந்தையும் தேடிப் போகிறது. யாரோ ஒரு குழந்தை விளையாடிவிட்டுப் போட்ட பொருள்கள். அறுபது வயதில், ஒரு மனிதர் குனிந்து எடுத்து வைத்தவை.